சர்க்கரை மண்டையோடு

"இந்த ரெண்டு கண்ணும் யாரோடது?" என்று எல்விரா கேட்டபோது கஜபதிக்குக் கேள்வியே விளங்கவில்லை. கண்ணீர் அஞ்சலி என்றால் மேல் மூலைகளில் இரண்டு கண்கள் இருக்கும். கண்ணுக்கு ஒரு சொட்டு விழும். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் எந்தச் சுவரைப் பார்த்தாலும் அப்படித்தான். அவனே எத்தனையோ வரைந்திருக்கிறான். அவை யாருடைய கண்கள் என்று செத்தவர் வீட்டார்கூடக் கேட்டதில்லை.

"யாரோடதும் இல்ல மேடம். பொதுக் கண்ணு," என்றான், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

"பொதுக் கண் எதுக்கு அழுகிறது?"

அம்பத்தூர் எஸ்டேட்டில் ரகுநாதனின் ஊதுபத்தி கம்பெனி மாடியில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். தொண்ணூற்றிரண்டாம் வருஷம், ஆடி மாதம். எல்விரா மெக்சிகோவில் பியூப்லா என்ற ஊரிலிருந்து வந்தவள். ஐம்பதைத் தாண்டிய பெண். நரைத்த முடியை ஒற்றைப் பின்னலாகப் போட்டிருந்தாள். அங்கே மெழுகுவர்த்தியும் வாசனைப் பொருள்களும் விற்கும் சில கடைகளில் அவளுக்குப் பங்கு இருந்தது. நவம்பர் தொடக்கத்தில் வரும் இறந்தவர் நாளுக்காக ரகுநாதனிடம் ஊதுபத்தி வாங்க முடிவுசெய்து, பெட்டியின் படத்தைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தாள். சரக்கு ஆவணியில் கப்பல் ஏறினால்தான் அந்த நாளுக்குள் போய்ச் சேரும்.

மேஜையில் கஜபதி போஸ்டர் கலரில் வரைந்த படம் கிடந்தது. கறுப்புக் கரை, வெள்ளிச் சிலுவை, எரியும் மெழுகுவர்த்தி, மேலே அந்த இரண்டு கண்கள்.

படம் இப்படி அமைந்ததற்குக் காரணம் உண்டு. மெக்சிகோவிலிருந்து வந்த ஃபேக்ஸில் இரண்டு விஷயங்கள் எழுதியிருந்தன. படம் எங்கள் மக்களுக்கு மரியாதையாக இருக்க வேண்டும். மண்டையோடு இருக்க வேண்டும். ரகுநாதன் அதைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, "ரெண்டும் எப்படிப்பா ஒண்ணாச் சேரும்?" என்றார். கஜபதிக்குத் தெரிந்த மண்டையோடு மின்கம்பத்துத் தகட்டிலும் எலி மருந்துப் பொட்டலத்திலும் இருப்பது. அதை வைத்து யாருக்கு மரியாதை செய்வது? ஆகவே தான் குடியிருந்த தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் அடுத்த பிளாக்கிலிருந்த ராயப்பனைப் போய்க் கேட்டான். மெக்சிகோக்காரர்கள் ஏசுவைக் கும்பிடும் வேதக்காரர்கள் என்று மட்டும் அவனுக்குத் தெரியும், ராயப்பனும் வேதக்காரர்.

"அது கல்லறைத் திருநாள்ப்பா," என்றார் ராயப்பன். "நவம்பர் ரெண்டு. காலையிலேயே போய்க் கல்லறையைக் கழுவி, பூ வச்சு, மெழுகுவத்தி கொளுத்துவோம். சாமியார் வந்து மந்திரிப்பார். எங்கம்மா அழ ஆரம்பிச்சா பக்கத்துக் கல்லறைக்காரனும் சேர்ந்து அழுவான், அப்படி அழும்."

"மண்டையோடு எதுனா வப்பீங்களா அண்ணாத்தே?"

"சீ, அதைப் போய் எவன் வைப்பான்?"

அதோடு மண்டையோடு கழிந்தது. ஃபேக்ஸ் அனுப்பியவர்கள்தான் குழம்பியிருக்கிறார்கள் என்று கஜபதி முடிவு கட்டினான்.

இந்தப் படத்தை நம்பி அவன் நிறையப் பணயம் வைத்திருந்தான். ஆவடியில் ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் அவன் பெயின்டர். தகட்டை வைத்து வண்டிகளின் மேல் எண்களைப் பதிப்பது வேலை. மாலையில் கல்யாணப் பத்திரிகை, அஞ்சலி போஸ்டர், கடைப் பலகை. "இந்தப் பெட்டி ஓகே ஆச்சுன்னா ஏற்றுமதிப் படம் பூரா உனக்குத்தான். ஆபீஸ்லயே டேபிள் போட்டுத் தரேன். ஆகலேன்னா பம்பாய்ல ஆள் இருக்கு," என்று ரகுநாதன் சொல்லியிருந்தார். கஜபதி சம்பளமில்லாத விடுப்பு எடுத்து உட்கார்ந்திருந்தான். விடுப்பு ஆடியோடு முடிந்துவிடும். வேலையை விட்டால் குவார்ட்டர்ஸையும் விட வேண்டும். அவன் மனைவி பார்வதத்துக்கு அதுதான் கவலை. "படம் போடு, நான் வேணான்னா சொன்னேன்? ஊட்ட உட்டுட்டு எங்க போறது? உன் பெயின்ட் டப்பாக்குள்ளயா?"

எல்விரா படத்தை மெதுவாகத் திருப்பி அவன் பக்கம் வைத்தாள். அவளுக்கும் ஆங்கிலம் சொந்த மொழி இல்லை. சொற்களைத் தேடித் தேடித்தான் எடுத்தாள்.

"நல்லா வரைஞ்சிருக்கீங்க. ஆனா இது அடக்கம் பண்ற நாள் இல்லை. இறந்தவங்க திரும்பி வீட்டுக்கு வர்ற நாள். வருஷத்துக்கு ஒரு தடவை வர்றாங்க. எங்க அத்தை சொல்லுவா, நாம அழுதா வழியெல்லாம் ஈரமாயிடும், வர்றவங்க வழுக்கி விழுவாங்கன்னு."

செத்துப்போனவர்கள் ஈரத்தில் காலை ஊன்றி ஊன்றி வருவதைக் கஜபதி நினைத்துப் பார்த்தான். "வந்து?"

"சாப்பிடுவாங்க."

"இன்னா சாப்புடுவாங்க?"

"உயிரோட இருந்தப்ப எது பிடிச்சுதோ அது. எங்க அப்பாவுக்கு பீர் வைப்போம்."

ரகுநாதன் தொண்டையைச் செருமினார். கஜபதிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "எங்க அப்பாவுக்கு சுருட்டு மேடம். அமாவாச படையல்ல எல பக்கத்துல வப்போம். கொளுத்தித்தான் வப்போம்."

எல்விரா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஃபேக்ஸ் தாளைத் திருப்பிப் பேனாவால் ஒரு மண்டையோடு வரைந்தாள். கண்குழி இரண்டிலும் இரண்டு பூ. கன்னத்தில் சுருள் சுருளாகக் கொடி. வாயெல்லாம் பல், சிரிப்பு. "இதைச் சர்க்கரையில செய்வோம். நெத்தியில பேர் எழுதுவோம்."

"செத்தவங்க பேரா?"

"அதுவும் உண்டு. ஆனா உயிரோட இருக்கிறவங்க பேரும் எழுதுவோம். நண்பர்களுக்கு, குழந்தைகளுக்கு. உங்களுக்குக் குழந்தை இருக்கா?"

"ஒரு பொண்ணு. பூங்கோதை."

எல்விரா புன்னகையோடு தலையாட்டிவிட்டு, மண்டையோட்டின் நெற்றியில் ஆங்கிலத்தில் முதல் எழுத்தைப் போட்டாள். இரண்டாவது எழுத்துக்குப் பேனா இறங்குமுன் கஜபதி அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். பேனா இழுபட்டு மண்டையோட்டின் கன்னத்தில் நீளமாக ஒரு கோடு விழுந்தது.

ரகுநாதன் எழுந்து நின்றுவிட்டார். கஜபதி கையை விட்டான். எல்விரா மணிக்கட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "மன்னிக்கணும்," என்றாள். அதை வாய்தான் சொன்னது, முகம் இறுகியிருந்தது. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். கீழே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

"என்னய்யா பண்ணித் தொலைச்ச? கஸ்டமர் கையைப் பிடிச்சு இழுக்கிற!"

"எம் பொண்ணு பேர மண்டையோட்டுல எழுத வந்தாங்க சார்."

"பேப்பர்லதானேய்யா எழுதினா? பேப்பர்ல எழுதினா என்ன ஆயிடும்?"

அப்படிக் கேட்ட ரகுநாதன் அந்தத் தாளை இரண்டு விரலால் எடுத்தார். கிழிக்கவில்லை, குப்பைக் கூடையிலும் போடவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டு, மொட்டைமாடியில் ஒரு செங்கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தார்.

கஜபதி வீடு திரும்பியபோது வெயில் இறங்கவில்லை. பூங்கோதை வாசலில் மற்றப் பிள்ளைகளோடு பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். பார்வதம் அரிசி புடைத்துக்கொண்டே முழுக் கதையையும் கேட்டாள்.

"வெள்ளக்காரிச்சி கையவா புட்ச்சே?"

"வெள்ளக்காரி இல்ல. நம்ம கலருதான்."

"எந்தக் கலரா கீட்டும். எய்திட்டாளா?"

"ஒரே ஒரு எய்த்து. இங்கிலீஷ்ல 'பி'. அதுக்குள்ள புட்ச்சிட்டேன்."

பார்வதம் முறத்தைக் கீழே வைத்தாள். ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்தாள். பெண் ஒற்றைக்காலில் தாவிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து மறுபடி முறத்தை எடுத்தாள். "'பி'ன்னா எனுக்கும் அதான் மொத எய்த்து. பரவால்ல, என் மேல போவட்டும்."

கஜபதியும் ஜன்னலுக்குப் போய் ஒருமுறை பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தான்.

"ஆனா இன்னாத்துக்குய்யா எய்தறாங்க?" என்று அவளே தொடர்ந்தாள். "பகையாளிக்கா?"

"இல்லியாம். வேண்டப்பட்டவங்களுக்காம். கொயந்தைங்களுக்குக் குடுப்பாங்களாம்."

"கொயந்தைக்கா! மண்டையோட்டக் கண்டா அது அலறாது?"

"கேக்கல."

"பேரு எய்தனா வாங்கினவங்களுக்கு ஒண்ணும் ஆவாதா?"

"அதுவும் கேக்கல."

"கையப் புடிக்கத் தெரிஞ்சுது. வாயத் தொறந்து கேக்கத் தெரியல," என்றாள் பார்வதம். "நல்ல ஆளுய்யா நீ. பம்பாய்க்காரன் வந்து கேட்டுக்கினு போவட்டும்."

மறுநாள் எல்விரா ஊதுபத்தி உருட்டும் இடத்தைப் பார்க்கப் போவதாக ரகுநாதன் முன்பே சொல்லியிருந்தார். அது அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய நீளமான கொட்டகை. கஜபதி சைக்கிளில் அங்கே போனான். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மூங்கில் குச்சியில் கரிமாவைத் தேய்த்து உருட்டிக்கொண்டிருந்தார்கள். எல்விரா அவர்களோடு தரையில் உட்கார்ந்து, உருட்டத் தெரியாமல் உருட்டி, எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கரி படிந்த கையோடு எழுந்து வந்தாள்.

"நேத்து நான் செஞ்சது தப்பு மேடம்," என்றான் கஜபதி.

"நானும் கேக்காம எழுதினேன். உங்க வீட்டுப் பெண் பேராச்சே." அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "ஆனா ஏன் பிடிச்சீங்க? அதைச் சொல்லுங்க. ராத்திரி பூரா அதையேதான் யோசிச்சேன்."

கஜபதி தெரிந்த சொற்களை வைத்துச் சொன்னான். இங்கே உயிரோடு இருப்பவன் பெயரைச் சாவு சம்பந்தப்பட்ட எதிலும் எழுத மாட்டார்கள். எழுதினால் அது கெடுதல் செய்யத்தான். ஆகாதவன் பெயரை எழுதி எலுமிச்சம்பழத்துக்குள் வைப்பார்கள், பொம்மையில் கட்டுவார்கள், சுடுகாட்டில் புதைப்பார்கள்.

"எலுமிச்சம்பழத்திலா?" எல்விராவின் கண்கள் விரிந்தன. "ஏன் எலுமிச்சை?"

தெரியாது என்று ஒப்புக்கொண்டான். பிறகு பார்வதத்தின் கேள்வியை எடுத்துவிட்டான். "உங்க ஊர்ல கொழந்தைங்க அத வாங்கினா அழாதா?"

எல்விரா வாய்விட்டுச் சிரித்தாள். "கிடைக்கலேன்னாத்தான் அழுவோம். ஒரு வருஷம் எங்க மாமா தம்பி தங்கச்சிக்கெல்லாம் வாங்கிட்டு என்னை மறந்துட்டார். நாள் பூரா நான் சாப்பிடல. எனக்கு மட்டும் சாவே கிடையாது போலிருக்கு, என்னை இவங்க கணக்குலயே சேக்கல போலிருக்குன்னு தோணிச்சு."

"பேர் எழுதறதுல பயம் இல்லியா?"

"பயம் இல்லாம என்ன? எல்லாரும் ஒருநாள் இதாகத்தான் போறோம், நீயும்தான், நானும்தான். அதுவரைக்கும் இனிப்புச் சாப்பிடு. அவ்வளவுதான் அர்த்தம்."

கஜபதி கரித்தூள் மூட்டைமேல் உட்கார்ந்து தாளையும் பென்சிலையும் எடுத்தான். அன்று பகல் முழுக்க அவன் கேட்டான், அவள் சொன்னாள். சில சமயம் அவள் கேட்டாள். வீட்டில் எங்கே படைப்பீர்கள், தரையிலா மேஜையிலா என்று அவன் தொடங்கினான். மேஜையில், படிப்படியாக. தண்ணீர் வைப்பது உண்டா? உண்டு, அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்களுக்குத் தாகமாக இருக்காதா? போட்டோவை எந்தப் படியில் வைப்பீர்கள்? அவன் போட்டோ வரைந்ததும் கை தானாக நெற்றியில் ஒரு பொட்டு வைத்தது. அது என்ன என்று அவள் கேட்டாள், சிரித்துக்கொண்டே அழித்தான். ரொட்டி என்றதும் டீக்கடைப் பன் வரைந்தான். அதன்மேல் மாவிலேயே எலும்பு வடிவம் போட்டிருக்கும் என்று அவள் திருத்தினாள். மேலே கட்டுகிற வண்ணக் காகிதத் தோரணத்தில் ஓட்டை ஓட்டையாக உருவங்கள் வெட்டியிருக்கும் என்றாள். பூவைப் பற்றி மட்டும் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவள் சொன்ன அடையாளம் எல்லாம் துலுக்க சாமந்திக்கு அப்படியே பொருந்தியது.

"இங்க இது கல்யாணத்துக்கும் போடுவோம், லாரிக்கும் போடுவோம்," என்றான்.

"எங்க ஊர்ல பொண்ணு இதைக் கையில வச்சுக்கிட்டு கல்யாணத்துக்கு வந்தா மாமியார் மயங்கி விழுந்துடுவா."

பெட்டியின் மேல்பக்கத்தில் அவர்கள் ஊர் மாதா படத்தைப் போடலாமா என்று கேட்டான். ராயப்பன் வீட்டுக் காலண்டரில் பார்த்த மாதாவை வைத்து ஒன்று தயாராகவும் வைத்திருந்தான். மெக்சிகோ தேசியக் கொடியில் இருக்கும் கழுகையும் ஒரு புத்தகத்தைப் பார்த்து வரைந்திருந்தான்.

"கழுகு அரசாங்கத்தோடது. அதை எடுத்து ஊதுபத்தி விக்கக் கூடாது. மாதாவைப் போட்டா எல்லாரும் வாங்குவாங்க, சந்தேகமே இல்லை. ஆனா ஊதுபத்தி தீர்ந்த பிறகு பெட்டியை என்ன செய்வாங்க? குப்பையில எப்படிப் போடுவாங்க?"

இதை அவன் சட்டென்று பிடித்துக்கொண்டான். வீட்டில் பார்வதம் சாமி படம் போட்ட பழைய காலண்டர்களை எறிய மனமில்லாமல் பீரோவின் பின்னால் அடுக்கி வைத்திருந்தாள். இரண்டு படங்களையும் மடித்துப் பையில் வைத்தான்.

அடுத்த நாள்கள் வீட்டில் உட்கார்ந்து வரைந்தான். பின்னணிக்கு ஊதா, பூவுக்கு ஆரஞ்சு. மண்டையோடுதான் வழிக்கு வரவில்லை. எத்தனை தடவை போட்டாலும் மின்வாரியத்து மண்டையோடாகவே பல்லைக் கடித்தது. பிறகு வாயை இரண்டு பக்கமும் மேலே இழுத்து, முன்பல் இரண்டைக் குறைத்துப் பார்த்தான், சிரிப்பு வந்துவிட்டது. தள்ளி வைத்துப் பார்த்தபோதுதான் அது யார் சிரிப்பு என்று தெரிந்தது. பூங்கோதைக்குப் போன மாதம்தான் முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. அவசர அவசரமாக அந்த இடத்தில் வெள்ளை வைத்துப் பல்லை நிரப்பினான்.

நெற்றி பாக்கி இருந்தது. மரீயா என்றோ ஹுவான் என்றோ அங்கே சாதாரணமாக வழங்கும் பெயர் ஒன்றை எழுதச் சொல்லியிருந்தாள் எல்விரா. தூரிகையை நனைத்து எடுத்தான். யாரோ, எந்தக் கண்டத்திலோ, தனக்கு என்ன என்று சொல்லிப் பார்த்தான். ஆனால் அந்த ஊரில் மரீயாக்கள் நிச்சயம் இருப்பார்கள். பெட்டி அவர்கள் கைக்குத்தான் போகும். தூரிகை நுனியில் சாயம் காய்ந்தது. மறுபடி நனைத்தான். மறுபடி காய்ந்தது. கடைசியில் நெற்றியைச் சுற்றிப் பூ வளையம் மட்டும் போட்டு, நடுவை வெறுமையாக விட்டான்.

கம்பெனி மாடியில் அந்தப் படத்தை வைத்தபோது ரகுநாதனின் விரல் நேராக நெற்றிக்குத்தான் போனது. "பேர் எங்க?"

"எழுதல சார்."

"மறந்துட்டியா?"

"இல்ல சார். என்னால எழுத முடியாது. அந்தப் பேர்ல யாரோ ஒருத்தி உசுரோட இருப்பாளே. அவங்க ஊர்ல அது அன்புதான், எனக்குப் புரியுது. ஆனா எழுதறது என் கையாச்சே."

"அப்ப பம்பாய்க்காரன் கையால எழுதிக்கலாம்," என்றார் ரகுநாதன் தமிழில், எல்விராவைப் பார்த்துச் சிரித்தபடி. கஜபதி தலையைக் குனிந்துகொண்டான். விடுப்பு முடிந்து திங்கட்கிழமை தொழிற்சாலை வாசலில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே நுழைவது கண்ணில் தெரிந்தது.

எல்விரா எழுந்தாள். படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனாள். நெடுநேரம் பார்த்தாள். ஏன் எழுதவில்லை என்று ரகுநாதன் ஆங்கிலத்தில் மன்னிப்பும் விளக்கமுமாகச் சொல்லத் தொடங்கியபோது, பொறுங்கள் என்று கை காட்டினாள். படத்தின் மேல் அழுக்குப் படாமல் இருக்க ஒட்டியிருந்த டிரேசிங் தாளைக் கீழே இறக்கி, பையிலிருந்து பேனாவை எடுத்தாள். தாளுக்கு அடியில் தெரிந்த வெற்று நெற்றியின் மேல், தாளில், தன் பெயரை எழுதினாள். எல்விரா.

"நான் இதை என் தங்கச்சிக்கு வாங்கினா, கடையிலேயே நின்னு அவ பேரை எழுதுவேன்," என்றாள். "எங்க ஊர்ல பேரை எழுதறது கொடுக்கிறவங்க. அச்சடிக்கிறவங்க இல்லை. நான்தான் யோசிக்காம சொல்லிட்டேன்." பிறகு கஜபதியைப் பார்த்தாள். "ஆனா பெட்டி மினுமினுன்னு இருக்குமே. பேனா பிடிக்குமா?"

கஜபதி நிமிர்ந்தான். "வார்னிஷ் அடிக்கறதாலதான் மேடம் புடிக்காது. நெத்திய மட்டும் உட்டுட்டு அடிச்சா பேனா நல்லா ஓடும்."

"அதுக்குன்னு தனி பிளேட் போடணும்ப்பா," என்றார் ரகுநாதன்.

"போடணும் சார்."

ரகுநாதன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, போட்டுத் தொலைப்போம்," என்று தமிழிலும், மிகவும் நல்ல யோசனை என்று ஆங்கிலத்திலும் சொன்னார். எல்விரா கீழே போனபிறகு கஜபதியின் தோளைத் தட்டினார். "ஒண்ணாந்தேதியிலேருந்து வந்துடு. டேபிளை ஜன்னல் பக்கம் போடச் சொல்றேன். ஆனா ஒண்ணு, இனிமே யார் கையையும் பிடிக்காதே."

அன்று மாலை பார்வதம் கதவருகிலேயே நின்றிருந்தாள். அவன் சைக்கிளை நிறுத்துவதற்குள், "ஓகேவா?" என்றாள்.

"ஓகே."

"பேரு எய்தச் சொன்னாங்களா?"

"நான் எய்தல. வாங்கறவங்களே எய்திக்குவாங்க."

பார்வதம் உள்ளே போனாள். அவனும் பின்னால் போனான். வேலையை விடுவது பற்றி அவன் வாயைத் திறக்கவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நின்றான். பார்வதம் அடுப்பங்கரைக் குழாயைத் திறந்து ஒரு குடம் பிடித்தாள். குடம் நிரம்பும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"வூட்டுக்குள்ள கொயா கீற ஊடா பாரு," என்றாள். "அயனம்பாக்கத்துல வாடக கம்மின்னு பக்கத்தூட்டு தாயம்மா சொன்னா. பொண்ணுக்கு ஸ்கூலு தூரமாப் பூடும். சைக்கிள்ல நீயே கொண்டாந்து உடு."

"நெசமாத்தான் சொல்றியா?"

"பின்ன? எத்தினி வருசம் நம்பரு அட்ச்சாலும் அந்த வண்டிங்க தீரவா போவுது?" குடத்தை இடுப்பில் ஏற்றியவள் நின்றாள். "ஆமா, அந்த சக்கர மண்டைய அப்பால இன்னா பண்ணுவாங்க?"

"துன்னுடுவாங்க."

"பேரு கீற எடத்தையுமா?"

"துன்னுதான் ஆவணும்."

"யாரு துன்றது? பேருக்குச் சொந்தக்காரங்களேவா? தன் பேர தானே கட்ச்சித் துன்றதா?"

கஜபதி யோசித்தான். அத்தனை கேள்வி கேட்டும் இதைக் கேட்கத் தோன்றவில்லை. எல்விராவுக்கு மறுநாள் சாயங்காலம்தான் விமானம். காலையில் எஸ்டேட்டுக்கு வருவாள்.

"கேட்டுட்டு வந்து சொல்றேன்," என்றான்.